துவாஸ் கிடங்கு, பாய லேபார் அலுவலகம்: இரண்டு ஏஎஸ்/400-க்கு நடுவே டிடிஎம் போடலாமா?

துவாஸ்காரன்:
சிங்கப்பூரில் எங்கள் துவாஸ் கிடங்கிலும் பாய லேபார் அலுவலகத்திலும் ஆளுக்கொரு ஏஎஸ்/400 (ஐபிஎம்மின் வணிகக் கணினி). இருப்புக் கோப்பு கிடங்கு மெஷினில் இருக்கிறது. தினமும் ராத்திரி அதைச் சேவ் ஃபைலில் (காப்பு நகல் கோப்பு) போட்டு எஃப்டிபியில் (கோப்பு அனுப்பும் முறை) அனுப்பி, அலுவலக மெஷினில் ரீஸ்டோர் செய்கிறோம். அதனால் பகல் முழுக்க அலுவலகத்தில் தெரிவது நேற்றைய இருப்பு. போன வாரம் இல்லாத சரக்குக்கு ஆர்டர் எடுத்துவிட்டார்கள். டிடிஎம்முக்கு, அதாவது அடுத்த மெஷினின் கோப்பை இங்கிருந்தே நேரடியாகப் படிக்கும் வசதிக்கு, மாறலாம் என்கிறேன், மேலாளர் தயங்குகிறார்.

வாசுகி_ஆர்பிஜி:
தாராளமாக மாறுங்கள். அலுவலக மெஷினில் ஒரு டிடிஎம் கோப்பு உருவாக்கினால் போதும். அதில் தரவு எதுவும் இருக்காது, எந்த மெஷினில் எந்தக் கோப்பு என்ற விவரம் மட்டும்தான். லைப்ரரி லிஸ்டில் (நிரல் கோப்பைத் தேடும் இடங்களின் பட்டியல்) அதே பெயரில் வைத்துவிட்டால் ஆர்பிஜி மொழியில் எழுதிய நிரலைத் தொடவே வேண்டாம். கிடங்குப் பக்கம் டிடிஎம் சர்வர் ஓடணும், 446 போர்ட் (நெட்வொர்க் வாசல்) திறந்திருக்கணும்.

இரவுப்பணி:
அண்ணே, அவசரப்படாதீங்க. அக்கா சொல்வது ஒரே ஒரு பொருளின் இருப்பைப் பார்க்கும் திரைக்குச் சரி. மாதக் கடைசி ரிப்போர்ட்? கீ கொடுத்துச் செயின் செய்தால் (ஒவ்வொரு ரெக்கார்டாகத் தேடிப் படித்தால்) ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் லைனில் ஒரு தடவை போய்வரணும். அதற்கு 10 மில்லி நொடி என்று வைத்தாலும் 1,00,000 ரெக்கார்டுக்கு 1,000 நொடி. கால் மணி நேரத்துக்கு மேல் வெறும் காத்திருப்பு. அப்டேட்டுக்காகத் திறந்தால் பூட்டு விழுவது கிடங்கு மெஷினில். அலுவலகத்தில் ஒருவர் திரையை அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் அங்கே அந்த ரெக்கார்டை மாற்ற முடியாமல் லாரி நிற்கும்.

வாசுகி_ஆர்பிஜி:
அலுவலகத்துக்கு இருப்பைப் பார்த்தால் போதுமே, எதற்கு அப்டேட்? இன்புட்டாக மட்டும் திறந்தால் ரெக்கார்டு பூட்டு இல்லை. ரிப்போர்ட்டைக் கிடங்கு மெஷினிலேயே ஓட்டுங்கள். ரிமோட் கமாண்டை அந்த டிடிஎம் கோப்பு வழியாகவே அனுப்பலாம். எனக்கு உங்கள் எஃப்டிபிதான் கவலை. கடவுச்சொல் மறைக்கப்படாமல் போகிறது.

துவாஸ்காரன்:
ஸ்கேன் செய்த டெலிவரி ஆர்டர்களும் இருக்கின்றன. ரூட்டை (எல்லா ஃபோல்டருக்கும் மேலே இருப்பது) நெட்சர்வரில் (விண்டோஸ் கணினிகளுக்கு ஃபோல்டரைப் பகிரும் வசதி) ஷேர் செய்துவிடலாமா?

இரவுப்பணி:
வேண்டவே வேண்டாம். நான் முன்பு வேலை செய்த இடத்தில் ரூட்டை எழுதும் உரிமையோடு ஷேர் செய்திருந்தார்கள். ஒரு விண்டோஸ் கணினியில் புகுந்த ரேன்சம்வேர், மேப் செய்த டிரைவ் வழியாக உள்ளே வந்து ஐஎஃப்எஸ் (ஏஎஸ்/400-இன் கோப்பு அமைப்பு) ஃபோல்டர்களை என்கிரிப்ட் செய்துவிட்டது. மூன்று ராத்திரி டேப்பிலிருந்து மீட்டோம். ரூட்டுக்குக் கீழேதான் கியூசிஸ்.லிப் இருக்கிறது, உங்கள் லைப்ரரி எல்லாமே அதற்குள்தான். மெஷினுக்கு மெஷின் என்றால், அடுத்த ஏஎஸ்/400-இன் ஃபோல்டர்களைப் பார்க்க கியூஃபைல்எஸ்விஆர்.400 இருக்கிறதே. இரண்டு பக்கமும் ஒரே யூசர், ஒரே கடவுச்சொல் வேண்டும். ஐபிஎல் (மெஷினை மறுபடி தொடங்குவது) ஆன பிறகு, அடுத்த மெஷினுக்காக அதற்குள் உருவாக்கிய டைரக்டரி இருக்காது, ஸ்டார்ட்அப் நிரலிலேயே உருவாக்கிவிடுங்கள்.

வாசுகி_ஆர்பிஜி:
இதில் தம்பி சொல்வது முழுக்கச் சரி.

துவாஸ்காரன்:
அப்படியானால் இருப்புத் திரைக்கு மட்டும் டிடிஎம். ராத்திரி நகலை நிறுத்திவிடலாமா?

வாசுகி_ஆர்பிஜி:
நிறுத்துங்கள். ஒரே தரவு இரண்டு இடத்தில் இருந்தால் குழப்பம்தான்.

இரவுப்பணி:
நிறுத்தாதீங்க அண்ணே. லைன் அறுந்தால் டிடிஎம் திரையில் ஒன்றும் வராது. நேற்றைய இருப்பாவது கையில் இருக்கணும். எஃப்டிபியை எஸ்எஃப்டிபி (மறைத்து அனுப்பும் முறை) ஆக்குங்கள். டிடிஎம்மையும் 446-ல் விடாமல், டிஎல்எஸ் (தரவை மறைத்து அனுப்பும் பாதுகாப்பு) போட்டு 448 போர்ட்டுக்குக் கொண்டுபோங்கள்.