3.8 இ-டைப்புக்கு அஞ்சு கியர் போட்டா விலை இறங்குமா?

நீளபானட்:
என்கிட்ட இருக்கிறது 1964 ஜாகுவார் இ-டைப், 3.8 லிட்டர் இன்ஜின். இன்ஜின், கியர்பாக்ஸ், பாடி நம்பர் மூணும் கமிஷன் பிளேட்டோட (ஃபேக்டரி நம்பர்களை அடிச்ச தகடு) ஒத்துப்போகுது. மாஸ் பாக்ஸுக்குப் (ஃபேக்டரியில வந்த நாலு கியர் பாக்ஸ்) பதிலா அஞ்சு கியர், எலக்ட்ரானிக் இக்னிஷன், டைனமோவுக்குப் பதிலா ஆல்டர்னேட்டர், அலுமினிய ரேடியேட்டர்னு மாத்தலாம்னு இருக்கேன். இதுல எது மதிப்பைக் கெடுக்கும்?

டார்க்_ரெஞ்ச்:
பழைய நிலைக்குத் திருப்ப முடியுமான்னுதான் வாங்க வர்றவர் பார்ப்பார். போல்ட்டைக் கழற்றி மாத்தினதுன்னா கொஞ்சம் பேரத்தோட முடியும். தகட்டை வெட்டியிருந்தா விலை இறங்கும், ஏத்துறது கஷ்டம்.

மாஸ் பாக்ஸ்ல முதல் கியருக்கு சிங்க்ரோ (கியர் உரசாம விழ வைக்கிற அமைப்பு) கிடையாது, அதனால அஞ்சு கியர் கேக்கிறது நியாயமானது. சில கிட் டனலைத் (கியர்பாக்ஸ் மேல மூடியிருக்கிற தகடு) தொடாமலே உட்காரும், சிலதுக்கு டனலை வெட்டணும். பணம் கட்டுறதுக்கு முன்னாடியே இதைக் கேட்டுடுங்க. பின் சக்கரத்துக்கு விசை கொண்டுபோற ஒரிஜினல் புரொபெல்லர் ஷாஃப்டை வெட்டிக் குறைக்கவே வேண்டாம், கிட் நீளத்துக்குத் தனியா ஒண்ணு செய்ங்க. கழற்றின பாக்ஸ்ல ஆயில் விட்டு, திறந்த வாய்களை அடைச்சு, பெல் ஹவுசிங், மவுன்ட், ஷாஃப்ட் எல்லாத்தையும் சீட்டு கட்டி சேர்த்து வைங்க. விக்கிறப்போ காரோட அதுவும் போகணும். நம்பர் அடிச்ச பாக்ஸ் தொலைஞ்சா அது மேட்சிங் நம்பர் கார் இல்ல.

ரேடியேட்டரைப் பத்திக் கவலைப்படாதீங்க, பழசைப் பத்திரமா வைங்க. ஆனா சூடு குறையட்டும்னு பானட்ல கூடுதலா துளை போடாதீங்க.

ஆறு_வோல்ட்:
முதல்ல எர்த்தை முடிவு பண்ணுங்க. 3.8 பாசிட்டிவ் எர்த் (பேட்டரியோட பாசிட்டிவ் முனை பாடியோட சேர்ந்திருக்கும்), ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் நெகட்டிவ் எர்த். எர்த்தை மாத்தினா அம்மீட்டர் வயர் ரெண்டையும் இடம் மாத்தணும், டாக்கோமீட்டருக்குள்ள இருக்கிற கடிகாரத்தையும் சரிசெய்யணும். அடுத்து வந்த 4.2 லிட்டர் இ-டைப் ஃபேக்டரியிலேயே ஆல்டர்னேட்டரோட வந்ததால இதை யாரும் பெருசா குறை சொல்றதில்ல. ஒரிஜினல் ஹார்னஸை (வயர் கட்டு) வெட்டாம, தனி இணைப்பு வயர் செஞ்சு போடுங்க.

இக்னிஷன் மாட்யூலைக் காரோட எர்த்துக்கு ஏத்ததா வாங்குங்க. தலைகீழா கொடுத்தா அப்பவே எரிஞ்சுடும். கிட் சொல்ற ஓமுக்குக் குறைவான காயில் போட்டாலும் சூடேறி அதே கதிதான். டிஸ்ட்ரிபியூட்டரை லேத்ல கடையாதீங்க, கழற்றின பாயின்ட்டையும் கண்டன்சரையும் எடுத்து வைங்க.

பழைய_பெயின்ட்:
இன்னொரு விஷயம்: மதிப்பு மாடிஃபிகேஷன்ல மட்டும் போறதில்ல, இன்ஜின் வேலையிலும் போகும். ஷெவர்லே கார்வெட்ல இன்ஜின் நம்பர், சிலிண்டர் ஹெட் உட்காருற அதே தளத்தோட முன்பகுதியிலதான் அடிச்சிருக்கும். பிளாக்கை மெஷின்ல சீவக் கொடுத்தா நம்பரும் போயிடும், ஃபேக்டரி கட்டர் தடமும் போயிடும். அந்த இடத்தை விட்டுட்டு சீவச் சொல்லி எழுதிக் கொடுக்கணும்.

அதே மாதிரி, 1974க்குப் பிந்தைய போர்ஷே 911ஐ முன் மாடல் மாதிரி ஆக்கணும்னு நீள பானட் போடுறாங்க. பம்பரைத் திரும்ப மாத்திடலாம், பானட்டுக்காக லாட்ச் பேனலை வெட்டி வெல்டு வச்சது அப்படியே நிக்கும். இ-டைப்புக்கும் இதே கணக்குதான்: எந்த வேலையா இருந்தாலும் தொடுறதுக்கு முன்னாடி நம்பர்களையும் அந்த இடத்தையும் கிட்ட வச்சு போட்டோ எடுத்து, பில்லோட ஃபைல்ல சேர்த்துடுங்க.