உஸ்பெகிஸ்தான் நீர்த்துறைக் குழு எங்கள் ஊருக்கு வருகிறது: எதைக் காட்டுவது, எப்படி உபசரிப்பது?

கேள்வி (குடிநீர்ப் பொறியாளர், அயோவா)

அனைவருக்கும் வணக்கம். அயோவா மாநிலத்தில் ஒரு குடிநீர் வழங்கல் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பன்னாட்டுப் பார்வையாளர் திட்டத்தின் கீழ், நீர் மேலாண்மைப் பொறுப்பிலுள்ள உஸ்பெகிஸ்தான் அதிகாரிகள் சிலர் அடுத்த மாதம் எங்கள் ஊருக்கு வருகிறார்கள். சுத்திகரிப்பு நிலையத்தில் ஒன்றரை மணி நேரம் அவர்களைச் சந்தித்துப் பேசவும், ஒரு மாலை இரண்டு மூன்று பேருக்கு வீட்டில் உணவளிக்கவும் முடியுமா என்று உள்ளூர்த் தன்னார்வ அமைப்பினர் கேட்டார்கள். இரண்டுக்கும் சம்மதித்துவிட்டேன்.

எங்கள் ஆறுகளில் நைட்ரேட் பெரும் சிக்கல் என்பதை இங்குள்ளவர்கள் அறிவீர்கள். வயல்களின் அடியில் பதித்த வடிகால் குழாய்கள் வழியே உரச்சத்து ஆற்றில் இறங்குகிறது. அதை நீக்கும் செலவு நகரத்தாரின் தலையில் விழுகிறது. நல்ல கருவிகளை மட்டும் காட்டினால் போதும், உள்ளூர்ச் சண்டையை விருந்தாளிகள் முன் விரிக்க வேண்டாம் என்று உடன் பணிபுரிவோர் சிலர் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. மேலும், அமெரிக்க வீட்டைப் பார்க்க ஆவலோடு வருகிறவர்களுக்குத் தமிழ்ச் சமையலைப் பரிமாறினால் ஏமாற்றமாக இருக்குமோ என்ற தயக்கமும் உண்டு. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

மறுமொழி (நெடுநாள் தன்னார்வலர்)

வணக்கம் சகோதரி. உங்கள் மனம் ஒப்பாததே சரி, சண்டையையும் காட்டுங்கள்.

இந்தத் திட்டத்தின் வேர் 1940இல் இருக்கிறது. லத்தீன் அமெரிக்க நாடுகளுடனான அமெரிக்க அரசின் வணிக, பண்பாட்டு உறவுகளுக்கு நெல்சன் ராக்ஃபெல்லர் பொறுப்பாக இருந்தபோது அந்நாடுகளின் பத்திரிகையாளர்களை அழைத்து நாட்டைச் சுற்றிக் காட்டியதிலிருந்து அது வளர்ந்தது. இதற்கு யாரும் விண்ணப்பிக்க முடியாது. அந்தந்த நாட்டிலுள்ள அமெரிக்கத் தூதரகமே ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் தத்தம் துறையில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள், அல்லது விரைவில் அந்த இடத்துக்கு வரப்போகிறவர்கள். மார்கரெட் தாட்சர் 1967இல் இப்படித்தான் வந்தார். அவர் பிரிட்டன் பிரதமராவதற்கு அப்போது இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தன. இத்தகையவர்கள் பளபளப்பான படக்காட்சிகளைத் தங்கள் நாட்டிலேயே ஏராளமாகப் பார்த்திருப்பார்கள். அதிலும் உஸ்பெகிஸ்தானிலிருந்து வருகிறவர்களுக்கு வேளாண்மையும் நீரும் மோதும் கதை புதிதன்று. பருத்திப் பாசனத்துக்காக அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளைத் திருப்பியதில் ஏரல் கடல் வற்றிப்போனதைக் கண்டவர்கள் அவர்கள்.

ஆகவே அயோவாவின் தலைநகரான டி மொயினின் குடிநீர் நிறுவனம் 2015இல் மூன்று மாவட்டங்களின் வடிகால் அமைப்புகள் மீது தொடுத்த வழக்கையும், அது 2017இல் தள்ளுபடியானதையும் சொல்லுங்கள். குடிநீரில் நைட்ரேட் நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பு ஏன் வந்தது, கைக்குழந்தைகளுக்கு அதனால் என்ன ஆபத்து, வரம்பை நெருங்கும் நாட்களில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதிலிருந்து தொடங்கினால் பேச்சு தானாக வளரும். முடிந்தால் ஒரு விவசாயியையும் அழையுங்கள். அவர் தம் பக்கத்து நியாயத்தைத் தாமே சொல்வது நல்லது. அவர் இல்லாத இடத்தில் அவரைக் குற்றவாளியாக்குவது முறையாகாது.

நேரக் கணக்கில் கவனம் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு பகுதியாகச் சொல்லும்போது ஒன்றரை மணி நேரம் முக்கால் மணி நேரமாகச் சுருங்கிவிடும். அரை மணி நேரத்துக்கு மேல் நீங்கள் பேசாதீர்கள்; மிச்சம் அவர்களுடைய கேள்விகளுக்கு. வீட்டு விருந்துக்கு மொழிபெயர்ப்பாளர் வந்தால் அவரையும் விருந்தாளியாகவே நடத்துங்கள். எல்லோருக்காகவும் பேசிக்கொண்டே இருப்பதால் அவர் தட்டில் உணவு ஆறிப்போவதைப் பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன். இடையிடையே பேச்சை நிறுத்தி அவரைச் சாப்பிட விடுங்கள்.

மறுமொழி (கண்மாய்ப் பாதுகாப்புப் பணியாளர், மதுரை)

சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு பயணத்தில் நான் விருந்தாளியாக வந்தேன் என்பதால் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். பல ஊர்களில் எங்களுக்கு வெற்றிக் கதைகளே கிடைத்தன. குறிப்பேடு நிறைந்ததே தவிர, ஊர் திரும்பியபின் பயன்பட்டவை குறைவு. ஓர் ஊரில் மட்டும் நீர்வாரிய அதிகாரியும் அவரைக் கடுமையாக எதிர்த்துவந்த குடியிருப்போர் சங்கத் தலைவியும் ஒரே மேசையில் அமர்ந்து, எங்கள் முன்னாலேயே மரியாதை குறையாமல் வாதாடினார்கள். மடை திறப்பதில் தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் நடக்கும் வழக்கை ஊர்க்கூட்டத்தில் எப்படிப் பேச வைப்பது என்று நான் யோசிக்கத் தொடங்கியது அன்றுதான்.

உணவைப் பற்றித் தயங்க வேண்டாம், அம்மா. அயோவாவில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்வதும் அந்த நாட்டைப் பற்றிய உண்மைதானே. பன்றி இறைச்சியைத் தவிர்த்துவிடுங்கள், ஆட்டிறைச்சி சமைப்பதானால் ஹலாலாக வாங்குங்கள், காரத்தைக் குறையுங்கள். ரொட்டியை அவர்கள் மிகுந்த மரியாதையோடு நடத்துவார்கள் என்பதால் அதைக் கவிழ்த்து வைக்காமலும் சிந்தாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்குப் பின் பச்சைத் தேநீர் கொடுத்தால் மனம் குளிர்வார்கள். எங்கள் குழுவில் களைத்துப் போனவர்களுக்கு, பேச்சை நீட்டாமல் ஒன்பது மணிக்குள் விடுதிக்கு அனுப்பிவைத்த வீட்டார்தான் இன்றும் நினைவில் நிற்கிறார்கள்.

மறுமொழி (அயோவாவின் மஸ்கட்டீன் நகர் அருகிலிருந்து)

உங்கள் சக ஊழியர்களிடம் ஒன்று சொல்லுங்கள். 1985இல் ஹெபெய் மாகாணக் கால்நடைத் தீவனக் குழுவோடு ஷி ஜின்பிங் என்ற இளம் அதிகாரி எங்கள் ஊருக்கு வந்து ஒரு சாதாரணக் குடும்பத்தின் வீட்டில் தங்கினார். 2012இல் சீனத் துணை அதிபராக மீண்டும் வந்தபோது அந்தப் பழைய நண்பர்களைத் தேடிச் சந்தித்தார். அந்த நட்பால் நாடுகளுக்கிடையிலான பூசல் தீர்ந்துவிடவில்லை. ஆயினும் யார் எப்படிப்பட்டவராக உயர்வார் என்று கணித்து உபசரிக்க முடியாது என்பதால், வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே நேர்மையோடு பேச வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் நீர்ப்பிடிப்புப் பகுதியில் மக்காச்சோளம் பயிரிடும் ஒரு விவசாயியிடம் இன்று பேசினேன். குளிர்காலத்தில் மூடுபயிர் வளர்த்து உரச்சத்தை மண்ணிலேயே பிடித்து வைக்கும் தம் வயலைப் பற்றியும், அதற்குக் கைப்பணம் போட வேண்டியிருப்பதைப் பற்றியும் பேச அவர் சம்மதித்தார். மேலாளரும் ஒப்புக்கொண்டுவிட்டார். விருந்துக்குக் காரம் குறைத்த ஆட்டிறைச்சிப் பிரியாணியும் காய்கறிக் குருமாவும் என்று முடிவு செய்திருக்கிறோம். விருந்தாளிகளைப் படம் எடுப்பதற்கு முன்னால் அனுமதி கேட்க வேண்டுமா?

நெடுநாள் தன்னார்வலர்

கட்டாயம் கேளுங்கள், இணையத்தில் போடுவதற்குத் தனியாகவும் கேளுங்கள். சிலருக்கு அவர்கள் நாட்டில் அதனால் சங்கடம் வரலாம்.