மதுரை எம்.பி. தொகுதி: ஓட்டு எங்க நகர்ந்துச்சு, அதை எப்படிச் சரிபார்க்கிறது

2019-ல 1.39 லட்சமா இருந்த வெற்றி வித்தியாசம் 2024-ல 2.09 லட்சம். உடனே மார்க்சிஸ்ட் ஓட்டு கூடிருச்சுன்னு பலரும் சொல்றாங்க. கூடல. சு. வெங்கடேசன் முதல் தடவை வாங்கினது 4.47 லட்சம், அடுத்த தடவை 4.30 லட்சம். மாறினது எதிர்த்தரப்பு. 2019-ல பா.ஜ.க.வும் சேர்ந்திருந்த அணியில இரட்டை இலைக்கு 3.07 லட்சம். 2024-ல அணி உடைஞ்சு தாமரை 2.20, இலை 2.04. ரெண்டையும் சேர்த்தா கிட்டத்தட்ட 4.25 வருதேன்னு கூட்டிடாதீங்க. 2019-ல தனியா 85 ஆயிரத்துச் சொச்சம் வாங்கின அ.ம.மு.க. 2024-ல தாமரை அணியில இருந்துச்சு. கிட்டத்தட்ட அதே அளவு வாங்கின மக்கள் நீதி மய்யம், மார்க்சிஸ்ட் இருந்த தி.மு.க. அணிக்கு வந்துச்சு. அப்படி வந்தும் 4.47 ஏன் இறங்குச்சு? தி.மு.க. அணி யோசிக்க வேண்டிய இடம் இதுதான். நிஜமா வளர்ந்தது நாம் தமிழர்: 42 ஆயிரத்திலிருந்து 92 ஆயிரம்.

*

மேல சொன்னதைத் தெரு அளவுல பார்க்க படிவம் 20 வேணும். பூத் வாரியா யாருக்கு எத்தனைன்னு அதுலதான் இருக்கும். மேலூர், மதுரை கிழக்கு, வடக்கு, தெற்கு, மத்தி, மேற்கு, இந்த ஆறை மட்டும் எடுங்க. திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் விருதுநகர் தொகுதி. சோழவந்தானும் உசிலம்பட்டியும் தேனி. மாவட்டக் கணக்கைப் போட்டா மொத்தமும் தப்பாயிரும்.

பூத் நம்பரையும் நம்பாதீங்க. வாக்காளர் கூடினா பூத்தைப் பிரிப்பாங்க, அதுக்கப்புறம் வர்ற நம்பர் எல்லாம் தள்ளிப் போயிரும். பள்ளிக்கூடத்துப் பேரையும் தெருப் பட்டியலையும் வெச்சுத்தான் பொருத்தணும்.

*

அந்தப் படிவமே சரியான்னு பார்க்க, பூத் ஏஜென்ட் கையில 17சி, அதாவது அந்த பூத்துல பதிவான ஓட்டுக் கணக்குப் படிவத்தோட நகல் இருக்கணும்.

7 மணிக்கு ஓட்டுப்பதிவுன்னா 5.30-க்கு உள்ள இருங்க. மாதிரி ஓட்டு குறைஞ்சது 50 போடுவாங்க. முடிச்சதும் மெஷின்ல குளோஸ், ரிசல்ட், கிளியர் பட்டனை அழுத்துற இந்த வரிசையை நேர்ல நின்னு பாருங்க. யாருக்கு ஓட்டுன்னு சீட்டு அச்சடிக்கிற விவிபாட் பெட்டியில விழுந்த சீட்டையும் எடுத்து, முத்திரை குத்தி, கறுப்புக் கவர்ல சீல் வைக்கணும். அவசரத்துல கிளியர் விட்டுப்போனா, சாயங்காலம் ஓட்டுப் போட வந்தவங்களைப் பதியுற 17ஏ பதிவேட்டை விட மெஷின்ல அந்த 50 கூடுதலா நிக்கும். 7 மணிக்கு முன்னாடி டோட்டல் பட்டனை அழுத்தச் சொல்லி பூஜ்யம் வருதான்னு பாருங்க.

நேரம் முடியுறப்ப வரிசையில நிக்கிறவங்களுக்கு டோக்கன் கடைசி ஆள்ல இருந்து முன்னாடி நோக்கிக் கொடுக்கணும், அப்பத்தான் பின்னாடி யாரும் புதுசா சேர முடியாது. 2019-ல சித்திரைத் திருவிழாவுக்காக மதுரையில ராத்திரி 8 மணி வரை நடந்துச்சே, அந்த மாதிரி நாள்ல களைப்புல ஏஜென்ட் கிளம்பிடுவாங்க. 17சி வாங்காம கிளம்பாதீங்க. கன்ட்ரோல் யூனிட் (ஓட்டு பதிவாகி நிக்கிற மெஷின்) நம்பர், சீல் நம்பர், மொத்த ஓட்டு மூணும் அதுல இருக்கணும்.

எண்ணிக்கை அன்னைக்கு அந்த மூணையும் மேஜையில வர்ற மெஷினோட ஒப்பிடுங்க. ஒண்ணு இடிச்சாலும் ரிசல்ட் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடியே எழுத்துல கொடுங்க. சுற்று அறிவிச்ச பிறகு வாய்வார்த்தையா சொன்னா எடுபடாது.