அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி, வியாழக்கிழமையே ஆபரேஷன் என்கிறார்கள்

பாம்பன்_பொண்ணு:
அம்மாவுக்கு 43 வயது. சின்னப்பாலத்தில் இருக்கிறோம், மரிக்கொழுந்துப் பாசி என்கிற கடற்பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போகிறவர். ஒரு வருடமாகவே மாதவிலக்கு 9, 10 நாள் நிற்காமல் போகிறது, கட்டி கட்டியாக விழுகிறது, அந்த நாட்களில் தண்ணீரில் இறங்க முடியாது, இறங்காவிட்டால் காசு இல்லை. யாரிடமும் சொல்லாமலே இருந்துவிட்டார். போன வாரம் வள்ளத்திலேயே தலைசுற்றி உட்கார்ந்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். ஃபைப்ராய்டு, இன்ட்ராமூரல், 5.4 செ.மீ. என்று போட்டிருக்கிறது. ஹீமோகுளோபின் 7.6. தனியார் கிளினிக்கில் ரிப்போர்ட்டைப் பார்த்தவுடனே "ரெண்டு பிள்ளை இருக்குல்ல, கர்ப்பப்பையை எடுத்துடலாம், வியாழக்கிழமை வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். விட்டால் கேன்சர் ஆகிவிடும் என்கிறார் சித்தி. பக்கத்து வீட்டு ஆச்சி கழற்சிக்காய்ப் பொடி கொடு, கரைந்துவிடும் என்கிறார். அம்மா வாயே திறப்பதில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்.

வார்டு_அக்கா:
தங்கச்சி, கேன்சர் பயத்தை முதலில் விடு. இது கர்ப்பப்பையின் தசையிலிருந்தே வளர்கிற கட்டி, புற்றுநோயாக இருப்பது மிக மிக அரிது. பெண்மை ஹார்மோன்களை நம்பி வளர்வதால் மாதவிலக்கு நின்ற பிறகு பெரும்பாலும் தானாகவே சுருங்கும். நின்ற பிறகும் வளர்ந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

எல்லோரும் செ.மீ. கணக்கையே பிடித்துக்கொள்கிறார்கள். நான் வார்டில் பார்த்தவரை அளவைவிட இடம்தான் முக்கியம். உள்சவ்வை ஒட்டிக் குழிக்குள் துருத்திக்கொண்டிருந்தால் 2 செ.மீ. கட்டியே ஆளைப் படுக்கவைத்துவிடும், வெளிப்பக்கம் தொங்கினால் பெரிய கட்டிகூட அடிக்கடி சிறுநீர் போவதோடு நின்றுவிடலாம். இன்ட்ராமூரல் என்றால் சுவருக்குள் இருக்கிறது. அது உள்குழியை அழுத்துகிறதா என்று கேளுங்கள், அதை வைத்துத்தான் மற்றதெல்லாம்.

ஆனால் 7.6 என்பது விளையாட்டில்லை. கட்டிக்கு அவசரமில்லை, ரத்தத்துக்கு அவசரம். அவ்வளவு குறைவாக இருக்கும்போது ஆபரேஷன் செய்வதே ஆபத்து, முதலில் ஏற்றியாக வேண்டும். மாத்திரை போதாதென்றால் இரும்புச்சத்தை டிரிப்ஸில் போடுவார்கள். மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு போடச் சொல், முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ கூடாது (நம் ஊரில் இதுதான் பெரிய போராட்டம்). மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். போக்கைக் குறைக்க அந்த நாட்களில் மட்டும் டிரானெக்சாமிக் அமிலம் எழுதிக்கொடுப்பார்கள், முன்பு எப்போதாவது காலில் ரத்தம் உறைந்திருந்தால் அதை மறக்காமல் சொல்லிவிட வேண்டும். கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஹார்மோன் சாதனம் ஒன்றும் இருக்கிறது, பல வருடம் வேலை செய்யும், குழி கோணலாக இருந்தால் நழுவி விழவும் செய்யும்.

40 தாண்டியவர்களுக்கு இப்படிப் போனால் உள்சவ்வில் துளி எடுத்துப் பரிசோதிப்பது வழக்கம். அதைச் செய்யாமல் வியாழக்கிழமை வா என்றது எனக்குச் சரியாகப் படவில்லை. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இன்னொரு கருத்துக் கேளுங்கள், காப்பீட்டு அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். கழற்சிக்காய் கட்டியைக் கரைத்து நான் பார்த்ததில்லை. ஆச்சி மனம் நோகாமல் வாங்கி வைத்துக்கொள், இரும்பு மாத்திரையை மட்டும் அதற்காக நிறுத்திவிடாதே.

கீழக்கரை_லாத்தா:
எனக்கு 33 வயதில் மூன்று கட்டி, பிள்ளை இல்லை, அதனால் கர்ப்பப்பையை வைத்துக்கொண்டு கட்டியை மட்டும் மதுரையில் எடுத்தோம். அதற்கு முன்னால் சுருங்குவதற்காக மாதம் ஒரு ஊசி என்று மூன்று மாதம் போட்டார்கள், மாதவிலக்கு நின்று, ராத்திரியெல்லாம் உடம்பு தீயாக எரிந்து வியர்த்துக் கொட்டும், நின்றுபோன வயசுக்காரிகள் படுகிற பாடு அப்போதுதான் புரிந்தது. அப்புறம் பிள்ளை பிறந்தது, தையல் போட்ட கர்ப்பப்பை என்பதால் சிசேரியன்தான். நாலு வருடத்தில் சின்னதாக இரண்டு திரும்ப முளைத்துவிட்டன. எடுத்தாலும் வரலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். தொந்தரவு இல்லை, விட்டுவிட்டேன். அம்மாவுக்கு 43 என்பதால் இது அவ்வளவு பொருந்துமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். தொடை ரத்தக்குழாய் வழியாகக் குழாய் விட்டு, கட்டிக்குப் போகும் ரத்தத்தைச் சின்னத் துகள்களால் அடைத்துக் காயவைக்கிற முறையும் இருக்கிறது. 1995-இலேயே பாரிஸில் இருந்து மருத்துவர்கள் இதை எழுதிவிட்டார்கள், இங்கே கேட்டால்தான் சொல்கிறார்கள்.

உச்சிப்புளி_மதினி:
எல்லோரும் எடுக்காதே எடுக்காதே என்கிற மாதிரி இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். நான் 46-இல் எடுத்தேன், வருத்தமே இல்லை. மருந்து, ஊசி என்று இரண்டு வருடம் இழுத்து, இரண்டு முறை ரத்தம் ஏற்றி, நாத்தனார் மகள் கல்யாணத்தில் பட்டுப்புடவையோடு நனைந்து, போதும் போதும் என்றாகிவிட்டது. எடுத்தபின் அந்தப் போக்கும் இல்லை, கட்டி திரும்ப வருமோ என்ற கவலையும் இல்லை. ஆனால் ஒன்று, சினைப்பையையும் சேர்த்து எடுப்பார்களா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேளுங்கள். கெட்டுப்போகாத சினைப்பையை இந்த வயதில் எடுத்தால் மாதவிலக்கு நிற்கிற தொல்லையெல்லாம் ஒரே நாளில் வந்துவிடும், எலும்பும் தேயும். வயிற்றைத் திறந்து செய்தால் ஆறு வாரம் குடம் தூக்கக் கூடாது, பாசி மூட்டை பற்றிப் பேச்சே வேண்டாம்.

பாம்பன்_பொண்ணு:
வியாழக்கிழமை போகவில்லை. ராமநாதபுரம் போய்வந்தோம். இரும்புச்சத்து டிரிப்ஸ் ஒன்று ஏறியிருக்கிறது, துளி எடுத்து அனுப்பியிருக்கிறார்கள், ரிசல்ட் வரட்டும் என்று இருக்கிறோம். எடுப்பதாக இருந்தால் தடைக்காலத்தில் வைத்துக்கொள்ளலாம், ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை அப்பாவும் கடலுக்குப் போகாமல் வீட்டில் இருப்பார், அடுப்பைப் பார்த்துக்கொள்வார். நீங்கள் எழுதியதையெல்லாம் ராத்திரி அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். இத்தனை நாள் பேசாதவர், டாக்டரம்மா அறைக்குள் நான் வாய் திறப்பதற்கு முன்னாலேயே "சினைப்பையையும் எடுப்பீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டார். அவசியமில்லாமல் தொடமாட்டோம் என்றார்கள்.

வார்டு_அக்கா:
நல்லது தங்கச்சி. டீயை நிறுத்தினாரா?

பாம்பன்_பொண்ணு:
இல்லை அக்கா.