பிரேயரில் உறுதிமொழி: கவனித்தவை, தெரிந்தவை

உடற்கல்வி ஆசிரியர்:
பள்ளி பிரேயரில் சொல்லும் 'இந்தியா எனது நாடு' உறுதிமொழிக்கு சல்யூட் கிடையாது. 'நேர் நில்' நிலையில் வலது கையைத் தோள் உயரத்துக்கு முன்னால் நீட்ட வேண்டும், உள்ளங்கை தரையைப் பார்த்திருக்க வேண்டும். அணி நிற்கும்போதே ஒரு கை இடைவெளி விடாவிட்டால், பின்னால் நிற்கும் பிள்ளையின் விரல் முன்னால் நிற்பவரின் முதுகில் படும். அங்கேதான் சிரிப்பு தொடங்குகிறது, பிறகு அந்த வரிசை முழுக்கக் கவனம் போய்விடும். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாதியிலேயே கை தொங்கும். அதட்ட வேண்டாம். சொல்லிக்கொடுப்பவர் இழுக்காமல் சொன்னாலே போதும்.

தமிழாசிரியை:
கை நீட்டுவதைவிட, எந்த இடத்தில் நிறுத்திச் சொல்கிறோம் என்பது முக்கியம். 'இந்தியர் அனைவரும் என் உடன்' என்று மைக் பிடித்த மாணவர் நிறுத்தினால், கூட்டமும் அப்படியே நிறுத்தும். 'பிறந்தவர்கள்' தனியாக வந்து விழும், பொருளே போய்விடும். 'இந்தியர் அனைவரும்' ஒரு மூச்சு, 'என் உடன்பிறந்தவர்கள்' ஒரு மூச்சு. அதிகம் தடுக்குவது பழம்பெருமை வரியில். அதை மூன்றாகப் பிரியுங்கள்: 'இந்நாட்டின் பழம்பெருமைக்காகவும்', 'பன்முக மரபுச் சிறப்புக்காகவும்', 'நான் பெருமிதம் அடைகிறேன்'. 'பன்முக' என்ற சொல்லோடு மூச்சு விட்டால் 'பன்முகம்' என்றே பிள்ளைகள் முடித்துவிடுவார்கள்.

கடைசி வரிசை சொல்லி முடித்த பிறகே அடுத்த துண்டைத் தொடங்க வேண்டும். மைக்கில் இருப்பவருக்குத் தன் குரல்தான் கேட்கும், அதனால் அவசரப்படுவார். ஓர் ஆசிரியர் பின்வரிசையில் நின்று தலையசைத்தால் சரியாகிவிடும்.

வரலாறு ஆசிரியர்:
எழுதியவர் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ். நல்கொண்டா மாவட்டத்து அன்னேபர்த்தியில் பிறந்தவர். 1962இல், சீனப் போர் நடந்த ஆண்டில், விசாகப்பட்டினத்தில் கருவூல அதிகாரியாக இருந்தபோது தெலுங்கில் எழுதினார். அரசியல் தலைவர் தென்னேட்டி விஸ்வநாதம் வழியாக அது அன்றைய ஆந்திரக் கல்வி அமைச்சர் பி.வி.ஜி. ராஜுவின் கைக்குப் போனது. 1963இல் விசாகப்பட்டினத்துப் பள்ளியில் வாசிக்கப்பட்டது. 1964இல் அன்றைய மத்தியக் கல்வி அமைச்சர் எம்.சி. சாக்ளா தலைமையில் பெங்களூரில் கூடிய மத்தியக் கல்வி ஆலோசனை வாரியம் இதை நாடு முழுவதற்குமாக ஏற்றது. 1965 ஜனவரி 26 முதல் பள்ளிகளில் நடைமுறைக்கு வந்தது. கோடிக்கணக்கான பிள்ளைகள் சொன்ன வாசகம், பாடநூல்களில் நெடுங்காலம் எழுதியவர் பெயர் இல்லாமலே அச்சானது. அது அவருக்குச் செய்த அநீதி என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று. 1892இல் பிரான்சிஸ் பெல்லமி எழுதிய அமெரிக்க உறுதிமொழி கொடியை நோக்கித் தொடங்குகிறது. நம்முடையதில் கொடி என்ற சொல்லே இல்லை. 'என் நாட்டிற்கும் என் மக்களுக்கும்' என்றுதான் வருகிறது. முடிவதும் 'அவர்கள் நலமும் வளமும் பெறுவதிலேதான்' என்று மக்களிடம்தான். நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் 'அந்த அவர்கள் யார்?' என்று கேட்டுப் பாருங்கள். பெற்றோர், ஆசிரியர் என்று பதில் வந்தால், முந்தைய வரியோடு குழப்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அன்றைக்கே பத்து நிமிடம் ஒதுக்கி விளக்கிவிடுங்கள்.

சட்டம் படித்தவர்:
சொல்ல மறுக்கும் பிள்ளையை என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். 1971ஆம் ஆண்டு தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டம் கொடி, அரசியலமைப்பு, நாட்டுப்பண் பற்றிப் பேசுகிறது. உறுதிமொழி அதில் இல்லை. நாட்டுப்பண் விஷயத்திலேயே, கேரளத்தில் யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் எழுந்து நின்றார்கள், மத நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. பள்ளி அவர்களை நீக்கியது. பிஜோ இம்மானுவேல் வழக்கில் 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கம் செல்லாது என்றது. மரியாதையாக நிற்பதே போதும் என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு ஏற்றுக்கொண்டது. அமைதியாக நிற்கும் பிள்ளையை வரிசையிலிருந்து வெளியே இழுக்காதீர்கள். பிரேயர் முடிந்த பிறகு தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். பல நேரம் காரணம் மதமாக இருக்காது, வாசகம் மனப்பாடம் ஆகாததாக இருக்கும்.

தமிழாசிரியை:
ஆமாம். அந்தப் பிள்ளைக்குப் பாடநூலின் முன்பக்கங்களில் அச்சாகியிருப்பதைக் காட்டி, நாளுக்கு ஒரு வரி வீதம் படிக்கச் சொல்லுங்கள்.