பைக் எஞ்சின் அநியாயத்துக்குச் சூடாகிறது, அவசர உதவி

களுவாஞ்சி_ரைடர்:
இரண்டு வாரமாகப் பைக் தாங்க முடியாத சூடு. சம்மாந்துறை தாண்டினால் முழங்கால் வேகிறது. எஞ்சின் தலையில் தண்ணீர்ச் சொட்டு விட்டால் சுர் என்று பறக்கிறது. நாளை விடிய அம்பாறைக்கு வேலைக்குப் போக வேண்டும். என்ன செய்யலாம்?

கல்லடிப்பாலம்:
எந்த மொடல்? எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறது? பெற்றோலைக் காற்றோடு கலந்து விடுவது காபரேற்றரா, இன்ஜெக்ஷனா? ஒன்றும் சொல்லாமல் என்ன சொல்வது தம்பி?

மருதமுனையான்:
ஒயில்தான். காற்றால் குளிரும் எஞ்சினில் ஒயிலும் சூட்டை வாங்கி வெளியே கொண்டுவருகிறது. வண்டியை நிமிர்த்தி வைத்து அளவைப் பாருங்கள்.

வயல்வெளி:
எனக்கு அறுவடை நேரம் இப்படி வந்தது. சேறும் பதரும் சிலிண்டர் தகடுகளுக்கு நடுவே காய்ந்து இறுகிவிட்டன. தகட்டில் காற்று படாவிட்டால் சூடு எங்கே போகும்? ஆறவிட்டுப் பிரஷால் தேய்த்துக் கழுவினேன், சரியானது.

பழைய_கராஜ்:
ஆளுக்கொரு மருந்து சொல்கிறீர்கள், அடிப்படையை யாரும் யோசிப்பதில்லை. இதை எத்தனை தடவைதான் எழுதுவது? ஓடி வந்த எஞ்சின் தலை 150 பாகையைத் தாண்டும். தண்ணீர் 100 பாகையிலேயே கொதிக்கும். சொட்டு பறப்பது நோயே அல்ல. புதிய பைக்குகள் புகைச் சட்டத்துக்காகவே சூடாக ஓடுகின்றன. பெற்றோல் முழுதாக எரிய, எடையில் 1 பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். நல்ல இழுவைக்கு 13 பங்கு அளவில் காற்று போதும். பழைய வண்டிகளில் அப்படிப் பெற்றோலைத் தாராளமாக விட்டார்கள். மிஞ்சிய பெற்றோல் ஆவியாகும்போது உள்ளே குளிரும். இப்போது அந்த மிச்சத்தைக் குறைத்துவிட்டார்கள். போதாததற்கு, சைலன்சருக்குள் இருந்து புகையின் நச்சைக் குறைக்கும் கற்றலிட்டிக் கொன்வேட்டர் சூடாக இருந்தால்தான் வேலை செய்யும்.

மருதமுனையான்:
அதனால்தான் சொல்கிறேன், பழையதுதான் தங்கம். வாப்பாவின் எம்டி 90 இன்றும் பொத்துவில் வரை போய் வருகிறது. ஜப்பானில் தபால்காரர்களுக்காகச் செய்த வண்டி, ஒருநாளும் சூட்டில் நின்றதில்லை.

கல்லடிப்பாலம்:
நானா, 90 சிசியைப் பெரிய வண்டிகளோடு ஒப்பிட முடியாது. பெரிய எஞ்சின் பெற்றோலைக் கூட எரிக்கிறது, சூடும் கூடத்தான் வரும்.

வயல்வெளி:
ஒக்டேன் 95 அடித்தால் குளிராக ஓடும் என்று பெற்றோல் ஷெட்டில் சொன்னார்களே?

பழைய_கராஜ்:
ஒக்டேன் என்பது நொக்கிங்கை, அதாவது எஞ்சினுக்குள் பெற்றோல் தானாக வெடித்துத் தட்டுவதை, தாங்கும் அளவு. குளிரூட்டும் மருந்து இல்லை. 92 போதும் என்று புத்தகத்தில் இருந்தால் 95 காசுக்குக் கேடு.

வயல்வெளி:
எனக்கு வித்தியாசம் தெரிந்தது. ஓட்டுகிறவன் நான்தானே?

மருதமுனையான்:
எனக்கும் தெரிந்தது.

கல்லடிப்பாலம்:
சண்டை பிறகு. தம்பி, ஒன்றை மட்டும் சொல்லுங்கள். வாங்கிய நாளிலிருந்தே இப்படியா, திடீரென்று வந்ததா? பிறவிச் சூட்டுக்கு மருந்து தேவையில்லை, பழகிக்கொள்ளலாம். நேற்றில்லாத சூடு இன்று வந்தால் எங்கோ பழுது இருக்கிறது.

களுவாஞ்சி_ரைடர்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 150 சிசி, 2018 மொடல், காபரேற்றர். ஒயில் அளவு சரி. முன்பு இந்தச் சூடு இல்லை. போன மாதம் காபரேற்றரைக் கழற்றிக் கழுவினார்கள். அதற்குப் பிறகு அக்ஸலேற்றரை விட்டாலும் ரேஸ் உடனே இறங்குவதில்லை, சைலன்சரில் டப் டப் என்று சத்தம்.

கல்லடிப்பாலம்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள ரப்பரைப் பாருங்கள். வெடித்திருந்தாலோ கிளிப் தளர்ந்திருந்தாலோ அந்த வழியாகக் காற்றுப் புகும். பெற்றோல் ஏற்கெனவே அளவோடுதான் வருகிறது, காற்று இன்னும் கூடினால் சூடு ஏறும். எஞ்சின் ஆறிய நேரம் ஸ்ராட் பண்ணி, ரப்பர்மேல் கொஞ்சம் தண்ணீர் ஸ்பிரே அடியுங்கள். சத்தம் மாறினால் அதுதான். ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பாருங்கள், காற்றுக் கூடியிருந்தால் நுனி வெள்ளை வெளேரென்று இருக்கும்.

பழைய_கராஜ்:
டெப்பட் இடைவெளியும், அதாவது வால்வுக்கு விடும் இடைவெளியும், பார்க்க வேண்டும். எக்ஸோஸ்ற் வால்வு சரியாக மூடாவிட்டால் அதுவும் சூடுதான், வால்வே கருகும். ரப்பரோடு நின்றுவிடாதீர்கள்.

களுவாஞ்சி_ரைடர்:
ரப்பரின் அடிப்பக்கம் வெடிப்பு. மாற்றியாயிற்று. இன்று காரைதீவுச் சந்தியில் பத்து நிமிடம் நின்றும் கால் சுடவில்லை. எல்லோருக்கும் நன்றி.

வயல்வெளி:
ரப்பர் எங்கே வாங்கினீர்கள், என்ன விலை? என்னுடையதும் அதே வயது வண்டி.

வயல்வெளி:
தம்பி?