நிலத்தில் ஈரநிலம் எங்கே முடிகிறது? எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓடைக்கரை:
எங்கள் நிலம் ஒரு பக்கமாகச் சரிந்து ஓடையில் போய் முடிகிறது. ஓடையை ஒட்டி மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் நிற்கும், மேட்டில் எப்போதும் நிற்காது, இரண்டிலும் சந்தேகமில்லை. நடுவில் இருக்கிற சுமார் 40 மீட்டர்தான் குழப்பம். மேட்டுப் பக்கம் ஒரு சின்ன வீடும் கழிவுநீர்த் தொட்டியும் கட்ட வேண்டும், ஆனால் ஈரநிலத்தில் ஒரு கூடை மண்கூடக் கொட்டக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் எண்ணம். இப்போது கோடை, எங்கும் தண்ணீர் இல்லை. நடுப்பகுதியில் பெரும்பாலும் கோரை முளைத்திருக்கிறது. அதை வைத்தே எல்லைக் கல் நட்டுவிடலாமா?

பச்சிலை:
வேண்டாம். முதலில் அந்தக் கோரையில் நாலைந்தைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் கறுப்பாக, வாசனையோடு கிழங்கு கோத்திருந்தால் அது கோரைக்கிழங்குச் செடி. வறண்ட தோட்டத்திலும் களையாக வந்து உயிரை எடுக்கும், அதை ஈரத்துக்குச் சாட்சியாகக் கூப்பிட முடியாது. சம்பு, நீர்முள்ளி, நீர்ப்பிரம்மி இவை கூட்டமாக நின்றால் நம்பலாம். ஆனால் ஒற்றைச் செடியைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ஓர் இடத்தில் அதிகப் பரப்பை மூடியிருக்கிற இனங்கள் எவை என்று பார்த்து, அவற்றில் பாதிக்கு மேல் ஈரத்தில் வாழக்கூடியவையா என்று எண்ண வேண்டும். மரம், புதர், தரைச்செடி மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள், ஏனென்றால் ஒரு வருடச் செடி போன மழையை மட்டும்தான் சொல்லும், மரம் பல வருடத்தைச் சொல்லும். அடிமரம் பருத்து, வேர் ஆழம் போகாமல் மேலாகப் படர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லைக்குப் பக்கத்தில் இரண்டு பக்கமும் வாழ்கிற செடிகள்தான் அதிகம் இருக்கும், அங்கே செடி கைவிட்டுவிடும்.

மண்வெட்டி:
அந்த 40 மீட்டருக்கு மண்ணைத்தான் கேட்க வேண்டும். அதுவும் கோடையில் கேட்கலாம் என்பதுதான் அதன் அருமை.

சரிவின் போக்கிலேயே ஒரு கயிறு கட்டுங்கள். நிச்சயம் ஈரமான முனையில் ஒரு குழி, நிச்சயம் காய்ந்த முனையில் ஒரு குழி, இரண்டும் 50 செ.மீ. ஆழம். இரண்டையும் கண்ணுக்கு நன்றாகப் பழக்கிக்கொண்டு, அப்புறம் சரிபாதியில் மூன்றாவது. அது ஈரக்குழி மாதிரி இருந்தால் மேட்டுப் பக்கத்துப் பாதியில் அடுத்தது, காய்ந்த குழி மாதிரி இருந்தால் ஓடைப் பக்கத்துப் பாதியில். இப்படியே போனால் மூன்றாவதையும் சேர்த்து நாலு குழியில் எல்லை இரண்டு மூன்று மீட்டருக்குள் வந்துவிடும்.

எதைப் பார்ப்பது? மண்ணுக்குச் செம்மையும் பழுப்பும் தருவது துகள்மேல் பூசியிருக்கிற இரும்பு. தண்ணீர் தேங்கினால் நுண்ணுயிர்கள் முதலில் மண்ணில் இருக்கிற ஆக்சிஜனைத் தீர்க்கும், அது தீர்ந்தபிறகு இரும்பில் கைவைக்கும், அப்போது இரும்பு கரைந்து நகர்ந்துவிடும், மண் வெளுத்துச் சாம்பலாகும். நீர் இறங்கும்போது வேர்த்தடம் வழியாகவும் விரிசல் வழியாகவும் காற்று நுழைகிற இடத்தில் அதே இரும்பு துருவாகப் படியும். ஆக, மேலிருந்து 30 செ.மீ.க்குள் சாம்பல் மண்ணும் அதில் ஆரஞ்சுத் திட்டுகளும் தெரிந்தால் அது ஈரநிலத்து மண். உயிருள்ள வேரைச் சுற்றித் துரு உறை இருந்தால் இன்னும் நல்ல சாட்சி. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் மேலே யோசிக்கவே வேண்டாம்.

மண்ணை நனைத்து வெயிலில் வைத்து நிறம் பாருங்கள், காய்ந்த கட்டி ஏமாற்றும். மண்ணின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கிற முன்செல் வண்ண அட்டை கிடைத்தால் குரோமா, அதாவது நிறத்தின் அடர்த்தி எண், 2 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்கலாம். கரிசல் மாதிரி இயல்பிலேயே கறுத்த மண்ணாக இருந்தால் மட்டும் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஓடைக்கரை:
இன்று ஆறு குழி தோண்டினேன். கோரை எல்லாம் கிழங்குக் கோரைதான், பச்சிலை சொன்னது சரி. ஆனால் மேட்டை நோக்கிப் பார்த்தால் கோரை முடிகிற இடத்துக்கும் மேலே 9 மீட்டர் வரை சாம்பல் மண்ணும் துருத் திட்டும் இருக்கிறது! அங்கே தண்ணீர் நின்று நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் ஒரு பழைய வடிகால் வாய்க்கால் ஓடுகிறது, யார் வெட்டியது என்று தெரியாது.

நீர்மட்டம்:
அந்த வாய்க்கால்தான் விஷயம். நிலத்தை வடித்த பிறகும் மண்ணின் சாம்பல் நிறம் பல பத்தாண்டுகள் அழியாது, அதனால் நீங்கள் பார்ப்பது பழைய ஈரமாகவும் இருக்கலாம். துருத் திட்டின் ஓரத்தைப் பாருங்கள். சுற்றியுள்ள மண்ணோடு மெதுவாகக் கரைகிற ஓரம் என்றால் இப்போதும் நடக்கிறது, வெட்டினாற்போல் கூர்மையான ஓரம் என்றால் பெரும்பாலும் பழையது.

உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் மழைக்காலம் வரை பொறுங்கள். பக்கங்களில் கீறல் போட்ட பிவிசி குழாயை அந்த 9 மீட்டரில் இரண்டு இடத்தில் இறக்கி வையுங்கள், தினமும் குச்சி விட்டு அளந்து எழுதுங்கள். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் அளவுகோல், செடிகள் வளர்கிற பருவத்தில் நிலத்தடி நீர்மட்டம் தரையிலிருந்து 12 அங்குல ஆழத்துக்குள் தொடர்ந்து 14 நாளாவது நிற்க வேண்டும், அதுவும் பத்து வருடத்தில் ஐந்து வருடமாவது. தண்ணீர் மேலே தெரிய வேண்டும் என்பதே இல்லை, நீங்கள் பார்க்காததற்கு அதுதான் காரணமாக இருக்கும். மரப்பட்டையில் வண்டல் கோடு, கறுத்து ஒட்டிய சருகு, ஒரே உயரத்தில் ஒதுங்கிய குப்பை இவற்றையும் படம் எடுத்து வையுங்கள். உங்கள் ஊர்ச் சட்டம் எந்த அளவுகோலைக் கேட்கிறது என்பது வேறு, அதற்கு அதிகாரம் உள்ளவர் வந்து பார்த்துத்தான் ஆக வேண்டும்.

ஓடைக்கரை:
ஓரம் கரைகிற மாதிரிதான் இருக்கிறது, கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன், நாளைக்கு வெயிலில் மறுபடி பார்க்கிறேன். குழாய் இரண்டு வெட்டிவிட்டேன். தொட்டி தோண்ட ஆள் சொல்லியிருந்ததை நிறுத்தச் சொல்லிவிட்டேன், மழை முடிந்து அளவுகளோடு வருகிறேன்.